பங்குக் கிணறும் பறுவ நிலவும்

அராலி,
ஆவணிப் பறுவம்

அன்பின் மச்சான்,

நல்லூர்த் தீர்த்தம் முடிந்து இரண்டு கிழமை. கரண்ட் போய் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது. கிணற்றுக்கட்டில் இருந்து நிலவு வெளிச்சத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். நுளம்பு இருக்க விடவில்லை, உள்ளே வந்து விளக்கைக் கொளுத்திவிட்டேன். முழங்கால் நோவு அப்படியே இருக்கிறது. மனுசி சுகம், உன் வீட்டுக்காரியை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னா. நீ கேட்ட ஒடியல் மா, சின்னவள் கனடா வரும்போது கொண்டுவருவாள்.

போன கடிதத்தில், "சந்திரனில தண்ணி இருக்காம், இனிச் சனம் போய்க் குடியிருக்குமோ? விஞ்ஞானம் படிப்பிச்சனி தானே, சொல்லு" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு 'சந்திரனில் காற்றும் இல்லை, நீரும் இல்லை' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். 2009 இல் அந்த வரியில் பாதியை அழிக்க வேண்டி வந்தது. இந்தியாவின் சந்திரயான்-1 கொண்டுபோன நாசாவின் கருவியொன்று, நிலா மண்ணில் நீரின் அடையாளம் இருக்கிறது என்று காட்டியது. அடுத்த மாதமே நாசா ஒரு வெற்று ரொக்கெட் பாகத்தைத் தென்துருவத்துக் கபேயஸ் பள்ளத்துக்குள் விழுத்திக் கிளம்பிய புழுதியை அளந்து பார்த்தது. அந்த மண்ணில் நூற்றுக்கு ஐந்தரைப் பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக நீர்.

கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பார். ஆயிரம் கிலோ மண்ணை வெட்டிச் சூடாக்கினால் ஐம்பத்தாறு லீற்றர். நம் வாளிக்கு ஐந்து வாளி. நீ முந்தி கிணற்றடியில் குளிக்கிற குளிப்புக்கு அது அரைவாசிக்கும் காணாது. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களோ குடிக்க, சமைக்க, துடைக்க எல்லாவற்றுக்கும் ஆளுக்கு நாலு லீற்றர் அளவில்தான் ஒரு நாளை ஓட்டுகிறார்கள். அப்படிச் சிக்கனம் பிடித்தால் அந்த ஐந்து வாளி ஒருவருக்கு இரண்டு கிழமை வரும். நிலவில் ஒரு பகல் நேரமும் அவ்வளவுதான், பதினாலு நாள்.

கபேயஸ் நல்ல இடம் என்பதையும் மறந்துவிடாதே. வெயில் படுகிற கிளேவியஸ் பள்ளத்திலும் நீர் இருப்பதாக 2020 இல் அறிவித்தார்கள். அங்கே ஒரு கன மீற்றர் மண்ணைப் பிழிந்தால் ஒரு சோடாப் போத்தல் வரும். சகாரா பாலைவனம் அதைவிட நூறு மடங்கு ஈரம்.

தண்ணீர் கூடுதலாக இருப்பது துருவங்களில்தான். பூமி 23.5 பாகை சாய்ந்து சுற்றுகிறது, நிலவு ஒன்றரைப் பாகைதான். அதனால் துருவத்துப் பள்ளங்கள் சிலவற்றின் அடியில் வெயில் படுவதே இல்லை. ஷாக்கிள்டன் என்று ஒரு பள்ளம், அகலம் 21 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தில் ஏறினால் சாவகச்சேரி தாண்டியும் போகவேண்டிய தூரம். விளிம்பில் சில மேடுகளுக்கு வருடத்தில் பெரும்பகுதி வெயில், கீழே தீராத இருட்டு. அப்படியான பள்ளங்கள் சிலவற்றில் குளிர் சுழியத்துக்குக் கீழே இருநூறு பாகைக்கும் அப்பால் போகும். அந்தக் குளிரில் பனிக்கட்டியும் கருங்கல்லும் ஒன்றுதான். மண்வெட்டி ஏறாது, மெஷினின் எண்ணெயும் உறைந்து போகும். மேலே சூரியத் தகடு, கீழே கிணறு, நடுவில் நாலு கிலோமீற்றர் இறக்கம். இதுதான் குடியேறப் போகிறவர்களின் வளவு.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் கிணறுதான் நினைவுக்கு வருகிறது, மச்சான். ஆடி மாதம் ஒழுங்கையில் ஒருவர் வெங்காயத்துக்குப் பெரிய மோட்டர் பூட்டி இரவு பகலாக இறைத்தார். ஒரு நாள் காலை மனுசி தந்த தேத்தண்ணி உப்புக் கரித்தது. சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டா என்று முதலில் அவவோடுதான் சண்டை பிடித்தேன். பிறகு வாளித் தண்ணியை நாக்கில் வைத்துப் பார்த்தால் சவர். ஏன் என்று உனக்கும் தெரியும். சுண்ணாம்புக்கல்லுக்குள் நம் நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால் கீழே நாற்பதடி இருக்கும். மேலே ஓரடி இறங்கினால் சவர் நாற்பதடி ஏறும். மாரி வரட்டும், ஐப்பசி கார்த்திகையில் திரும்பவும் ஊறும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

நிலவில் ஐப்பசியும் இல்லை, கார்த்திகையும் இல்லை. வால்வெள்ளிகளும், சூரியனிலிருந்து வீசுகிற துகள்களான சூரியக் காற்றும் கோடிக்கணக்கான வருடங்களாகச் சேர்த்து வைத்ததாகச் சொல்லப்படுகிற தண்ணீர் அது. அள்ளினால் அள்ளினதுதான். அங்கே கிணறு இருக்கிறது, ஊற்று இல்லை.

அதிலும் போகிறவர்களின் கண் முழுக்கக் குடிக்கிற தண்ணீரில் இல்லை. நீரைப் பிரித்தால் ஐதரசன், ஒட்சிசன், அதாவது ரொக்கெட் எரிபொருள். தண்ணீர் ஏற்றி விற்கிற பவுசர்காரன் கிணற்றைப் பார்க்கிற பார்வை, வேறென்ன. குடிக்க மட்டும் என்றால் பயமில்லை. விண்வெளி நிலையத்தில் வியர்வை, சிறுநீர் உட்பட நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு நீரைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். இதை மனுசிக்குச் சொன்னேன். "அப்ப நீங்கள் மட்டும் போங்கோ" என்றா.

உன் கேள்விக்குப் பதில்: போவார்கள், ஆனால் இப்போதைக்கு முகாம் போட்டுவிட்டு வருவார்கள். அந்தாட்டிக்காவில் ஆராய்ச்சிக்காரர் இருக்கிற மாதிரி. சனம் பிள்ளைகுட்டியோடு குடியிருப்பது வேறு கதை. காந்தப் புலமும் காற்றும் இல்லாததால் கதிர்வீச்சுக்குத் தப்ப மண்ணுக்குள்தான் வீடு. புழுதியோ கண்ணாடித் தூள் போல. அப்பலோ 17 இல் நிலவுக்குப் போன ஷ்மிட்டுக்கு அதை முகர்ந்து தும்மலே பிடித்ததாம்.

இன்னொரு சிக்கல் நமக்குத்தான் நன்றாக விளங்கும். நம் காணி உறுதிகளில் 'கிணற்றுப் பங்கும் வாய்க்கால் பங்கும்' என்று ஒரு வரி இருக்கும் அல்லவா, அது நிலவுக்கு இல்லை. எந்த நாடும் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்கிறது. 2020 இல் அமெரிக்கா முன்நின்று எழுதிய ஆர்ட்டெமிஸ் உடன்பாடு, தோண்டி எடுப்பது சொந்தம் கொண்டாடுவதாகாது என்கிறது. சீனாவும் ரஷ்யாவும் அதில் கையெழுத்து வைக்கவில்லை, தனியே தளம் போடப் போகின்றன. எல்லாருக்கும் கண் அதே தென்துருவத்தில். எட்டுப் பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தும் நம் அப்பாமார் எத்தனை தரம் அடிபட்டார்கள்!

அப்புறம், அதே கிணற்றைப் பற்றித்தான். உன் எட்டில் ஒரு பங்கு இன்னும் உன் பெயரில் இருக்கிறது. துலாக்கால் உக்கி விழுந்துவிட்டது, ஆடுகால் பூவரசு மட்டும் தழைத்து நிற்கிறது. பெரிய மோட்டர்காரர் உன் பங்கை வாங்கக் கேட்கிறார், நல்ல விலை சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஐப்பசிக்கு முன் உன் முடிவை எழுது. விற்கிறதென்றாலும் முதலில் எனக்குச் சொல்.

உன்
மச்சான்