தீத்தடுப்புக் கோடு போகிக்குள் முடிய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டுத்தீ பற்றிய தங்கள் தலையங்கம், கூடுதல் ஹெலிகாப்டர்கள் வேண்டும் என்று கேட்டிருந்தது. 2024 மார்ச்சில் குன்னூர் மலையில் விமானப்படை ஹெலிகாப்டர் தொங்கும் வாளியில் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றியதை எல்லோரும் பார்த்தோம். அப்படிக் கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வாளியில் ஒரு தடவைக்கு வருவது சுமார் 3,500 லிட்டர். மேலே எரியும் சுவாலை அதில் அமரும். சருகுக்கு அடியிலும் விழுந்து கிடக்கும் மரத்துக்குள்ளும் கனலும் நெருப்பு அமராது. அதை ஆட்கள் போய்க் கிளறி, மண் போட்டு மூடி, மறுநாளும் தொட்டுப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தை டிசம்பரிலேயே தீத்தடுப்புக் கோடுகளுக்கும் (தீ தாண்டாதபடி காட்டில் புல்லும் சருகும் அகற்றி வைக்கும் பட்டைகள்) தீக்காவலர் கூலிக்கும் கொடுத்தால் பலன் பல மடங்கு அதிகம்.

ஏன் டிசம்பர்? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் புல் பழுக்கத் தொடங்கும். பிப்ரவரி நடுவில் பொறி பட்டாலே பிடித்துக்கொள்ளும். நவம்பரில் கோடு வெட்டினால் மிச்ச மழையில் புல் மறுபடி தழைத்துவிடும். மார்ச்சில் வெட்டினாலோ, கோட்டைச் சுத்தம் செய்ய வைக்கும் தீயே காட்டுக்குள் ஓடிவிடும். நிதி தாமதமாக வந்தால் அந்த ஆண்டுக் கோடு பெயரளவுக்குத்தான். போகிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

வேலையின் முறையும் முக்கியம். முதலில் கோட்டின் இரண்டு ஓரங்களிலும் ஒரு மீட்டர் அகலத்துக்கு மண் தெரியச் செதுக்க வேண்டும். நடுவில் உள்ள புல்லை அறுத்துக் காயவிட்டு, காற்றில்லாத அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போது எரிக்க வேண்டும். சரிவில் மேலிருந்து கீழாக எரித்துக்கொண்டு வருவதுதான் பாதுகாப்பு. கீழிருந்து வைத்தால் தீ மேலே உள்ள புல்லைச் சூடாக்கி உலர்த்திக்கொண்டே ஏறும். ஆளால் ஓடித் தப்ப முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 உயிர்கள் போன பிறகும் இதை விளக்க வேண்டியிருப்பது வேதனை.

ஆறு மீட்டர் அகலக் கோடு ஒரு கிலோமீட்டருக்கு 0.6 ஹெக்டேர்தான், வெட்டுவது பெரிய காரியமல்ல. கெடுவது பராமரிப்பில். அறுத்த புல்லையும் முள்ளையும் கோட்டோரமாகவே குவித்து வைக்கிறார்கள். தீ அங்கே வந்ததும் சுவாலை இரட்டிப்பாகி எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். இலையுதிர் காடுகளில் பிப்ரவரி, மார்ச் முழுக்க இலை கொட்டும். வாரம் ஒருமுறை கூட்டித் தள்ளாத கோடு, சருகு விரித்த பாதையாகிவிடும். ஆகவே வெட்டுக்கூலியோடு, கோடை முடியும்வரை கூட்டுவதற்கும் சேர்த்தே மதிப்பீடு போட வேண்டும்.

காட்டில் புதராக மண்டும் களையான உன்னிச்செடியை (லன்டானா) தனியாகச் சொல்ல வேண்டும். தரைத்தீயை மரக்கிளைவரை ஏற்றிவிடும் ஏணி அது. மேலாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆணிவேரை மண்ணுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டரில் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். விதையைப் பறவைகள் பரப்புவதால், அவை வந்து அமரும் மரங்களின் அடியில் முளைக்கும் கன்றுகளை அடுத்தடுத்த மழைக்காலங்களிலும் பிடுங்க வேண்டும். வெறுமையான இடத்தில் உள்ளூர்ப் புல் விதைக்காவிட்டால் செய்த வேலை வீண்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இருக்கிறதே என்று கேட்கலாம். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்பும் குறுஞ்செய்தி உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஆனால் 375 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி வாக்கிலும் பின்னிரவு ஒன்றரை மணி வாக்கிலும்தான். மூன்று மணிக்குப் பற்றிய தீ, இரவுவரை அவற்றின் கண்ணில் படாது. குன்றின் மேல் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் காவலர் புகையைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். அவருக்கு ஜூன் வரை மாதம் தவறாமல் கூலியும், நல்ல காலணியும், தண்ணீரும், வாக்கிடாக்கியும் வேண்டும்.

சென்னைக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியல்ல. நன்மங்கலமும் வண்டலூரும் காப்புக்காடுகள், முட்புதர்க் காடுகள். அங்கே தீ பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் நுழையும்: மதிலுக்கு வெளியே கொட்டி எரிக்கும் குப்பை, காய்ந்த தென்னை மட்டை, பீடித்துண்டு. காட்டோரத் தெருக்களில் உள்ளாட்சி அமைப்புகள் ஜனவரி முதல் தினமும் குப்பை அள்ள வேண்டும். போகியன்று அங்கே எதையும் கொளுத்தவிடக் கூடாது. வேலியை ஒட்டி, தீயணைப்பு வண்டி சுற்றி வரும் அளவுக்கு நான்கு மீட்டர் பாதை வேண்டும். அதில் கட்டடக் கழிவு கொட்டியிருந்தால் கோடை வருமுன் அகற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை.