ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குச் செயலாளர் சமர்ப்பிக்கும் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வெள்ளவத்தை, தெஹிவளை அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் விழா, வாணி விழா, சிரமதானம் ஆகியன வழமைபோல் நடந்தேறின. போதிய அங்கத்தவர் வராமல் (கோரம் இல்லாமல்) சில செயற்குழுக் கூட்டங்கள் தள்ளிப்போயின.

இவ்வாண்டின் பெரிய வேலை நீர்ப் பரிசோதனைதான். "இது எங்கள் சங்கத்துக்கு எதற்கு?" என்ற கேள்வி செயற்குழுவிலேயே எழுந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது கொழும்பு. அந்த ஈரநிலங்களின் நீர் கடலுக்குப் போகும் வாசல்களில் ஒன்று நம் வெள்ளவத்தைக் கால்வாய். தியவன்னா ஏரிப் பக்கம் பெய்யும் மழையும் கிருலப்பனையில் கழுவி ஊற்றுவதும் நம் பாலத்தடியால் வருகின்றன. நம் மாடிவீட்டுக் குசினித் தண்ணீரும் அதிலேதான் சேருகிறது.

பாலத்தடியிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, 1990இல் சரணாலயமாக்கப்பட்ட பெல்லன்வில-அத்திடிய சதுப்பின் ஓரத்திலும் நீர் எடுத்தோம். நீரில் ஒட்சிசன் கரைந்திருக்கிறதா என்று பார்க்க, குமிழி புகாமல் போத்தலை நீருக்குள்ளேயே மூடி, பிறகு மங்கனீசு சல்பேற்றும் கார அயடைட்டும் விட வேண்டும். ஒட்சிசன் உள்ள நீரென்றால் பழுப்புப் படிவு இறங்கும். இல்லாவிட்டால் படிவு வெள்ளையாகவே நிற்கும். அத்திடிய நீர் பழுப்பானது. பாலத்தடி நீர் பல நாட்களில் வெள்ளையாகவே நின்றது. லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருந்தால் மீன்கள் நன்றாக வாழும். 2க்குக் கீழே போனால் பெரும்பாலானவை தாங்கா. "அப்போ கால்வாயில் மீன் துள்ளுகிறதே?" என்று கேட்டார்கள். விராலும், யாரோ தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்ட டாங்க் கிளீனர் மீனும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும் இனங்கள். அவற்றைப் பார்த்து நீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

அடிச்சேற்றை வெள்ளைப் பேசினில் அலசியபோது இரத்தச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன. நுளம்பைப் போலிருந்தும் கடிக்காத ஒரு பூச்சியின் குடம்பி அது. அதன் உடம்பில் ஈமோகுளோபின் உண்டு; ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அதனால் உயிர்வாழ்கிறது. சேற்றில் அதைத் தவிர வேறெதுவும் இல்லாததுதான் எனக்குக் கவலை.

இனி வருத்தமான விடயம். ஆரம்பத்தில் நீர் எடுக்க வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பலர். ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவர்கள் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை ஒருவரும் உயர்தரம் படிக்கும் இரு பிள்ளைகளும்தான். காலை ஆறு மணி கஷ்டம், பத்து மணிக்கு வைக்கலாமே என்றார்கள். வைக்க முடியாது. இரவு முழுக்கப் பாசியும் பற்றீரியாவும் ஒட்சிசனைக் குடித்துத் தீர்க்கும். வெயில் ஏறியதும் பாசி திரும்ப வெளிவிடும். பத்து மணிக்கு எடுத்தால் அழுக்கு நீரும் நல்ல பெறுபேறு காட்டும். மீன் மூச்சுத் திணறுவது விடியற்காலையில். நேரத்தில் நான் விட்டுக்கொடுக்காததற்கு இதுவே காரணம்.

சந்தா வராததால் இரசாயனம் வாங்க வழியில்லாமல் ஒக்டோபர், நவம்பர் அளவீடுகள் தவறிப்போயின. வடிகால்களில் தேங்கிய அழுக்கையெல்லாம் மழை அடித்துக்கொண்டு வந்து கொட்டும் மாதங்கள் அவை. அந்த இடைவெளியை இனி நிரப்ப முடியாது. ஒரு நாள் அளவீடு எதையும் நிறுவாது. ஆண்டு முழுக்க அதே இடத்தில் அதே நேரத்தில் எடுத்தால்தான் அதிகாரிகள் முன் வைத்துப் பேசலாம். நிலுவைக்காரர்களில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் போக, நம் வீதியிலேயே இருப்பவர்கள்தான் அதிகம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சொற்பம், நிலுவை வந்தால் சமாளிக்கலாம். மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்தினருக்கும், கணக்காய்வாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் அணியினருக்கும் நன்றி.

வரும் ஆண்டும் இப்பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்வேன். வேறொருவர் ஏற்றாலும் போத்தல்களையும் அளவீட்டுக் கொப்பியையும் ஒப்படைத்துவிட்டுக் கூடவே வருவேன். ஆனால் நாலு பேரோடு இன்னோர் ஆண்டு ஓட்ட முடியாது. மாதத்தில் ஒரு காலை ஒதுக்கக்கூடிய ஆறு பேர் வேண்டும்.

அடுத்த அளவீடு தை மாத முதல் ஞாயிறு, காலை ஆறு மணி, பாலத்தடி. நிலுவையைக் கொண்டுவருவோருக்கு அங்கேயே பற்றுச்சீட்டு எழுதித் தரப்படும்.

செயலாளர்