விற்பவரை ஏமாற்றினால் மட்டும் குற்றமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் எரிவாயுக்காக நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்து வசதி பெற்ற விவசாயிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பென்சில்வேனியா மாநிலத்தில் நில ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றை எழுத விரும்புகிறேன். அந்தக் குத்தகைகள் எப்படிப் பேசி முடிக்கப்பட்டன என்பதே அது.

அந்நாட்டில் தனியார் நிலத்துக்கு அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் தனியாருக்கே சொந்தம். ஆகவே கிணறு தோண்ட விரும்பும் நிறுவனம் நில உரிமையாளரின் வீடு தேடி வந்தாக வேண்டும். அப்படி வருகிற முகவருக்கு ‘லேண்ட்மேன்’ என்று பெயர். இவர்களுக்கு 1955 முதல் ஒரு தேசியச் சங்கம் உண்டு. அச்சங்கத்துக்கு நன்னெறி விதிகளும் உண்டு. அவற்றை மதித்து நடந்த முகவர்கள் பலரை நான் அறிவேன். மதிக்காதவர்கள் விட்டுச்சென்ற தாள்கள்தான் எங்கள் மேசைக்கு அதிகம் வந்தன.

ஒரு மூதாட்டி கொண்டுவந்த தாளை இன்னும் மறக்கவில்லை. தொகையும் அவர் பெயரும் பெரிதாக அச்சிட்டிருந்த அதைக் காசோலை என்றே நம்பி, அன்று மாலையே குத்தகையில் கையொப்பமிட்டிருந்தார். உண்மையில் அது ஒரு வரைவோலை. நம் ஊரில் வரைவோலை என்றால் வங்கிக்குக் கட்டி முடித்த பணம். அங்கே இந்தத் தொழிலில் அது நேர் எதிரானது. நிலம் அவருக்கே உரியதா என்பது சரிபார்க்கப்பட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டால், குறிப்பிட்ட வங்கி வேலை நாட்களுக்குள் பணம் தரப்படும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இடையில் எரிவாயு விலை சரிந்தது, நிறுவனம் ஏற்றுக்கொள்ளவில்லை. பணம் வரவில்லை என்பதோடு போகவில்லை. குத்தகை அதற்குள் பதிவேட்டில் ஏறிவிட்டதால், வேறு நிறுவனத்தோடு பேசவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. முகவர் சொன்ன சொல் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் பொய் என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியாது. “உங்கள் பணம் இதோ இருக்கிறது” என்றுதான் அவர் சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட குத்தகையில் நிறுவனம்தான் வாங்குபவர், நில உரிமையாளர் விற்பவர். வாங்க வருபவர் தமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. 1815-ல் நியூ ஆர்லியன்சில் ஒரு வணிகர், பிரிட்டனோடு நடந்த போர் முடிந்த செய்தியை மற்றவர்களுக்கு முன்பே அறிந்து, விலை ஏறுமுன் புகையிலை வாங்கினார். இவ்வழக்கை 1817-ல் விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெரிந்ததைச் சொல்லும் கடமை வாங்குபவருக்கு இல்லை என்றது. ஆனால் விற்பவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்லும் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்ற எச்சரிக்கையும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தன் செலவில் பாறையை ஆராய்ந்த நிறுவனம் அந்த வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும், அது பேரம். வாய் திறந்த பிறகு பாதியை மட்டும் சொல்வதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

அந்தப் பாதிகளில் அதிகம் புழங்கியது ராயல்டி, அதாவது எடுக்கும் வாயுவில் நில உரிமையாளருக்குச் சேரும் பங்கு, பற்றியது. “எட்டில் ஒரு பங்கு என்று சட்டமே நிர்ணயித்திருக்கிறது” என்பார்கள். பென்சில்வேனியாவில் 1979-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 சதவீதத்தை, குறிப்பிடுவது உண்மை. அதற்குக் கீழே போகக்கூடாது என்பதற்காக வந்த சட்டம் அது. அதற்கு மேல் கேட்க உரிமையாளருக்கு எந்தத் தடையும் இல்லை. தரையைக் காட்டிக் கூரை என்று நம்பவைத்தார்கள். அந்த 12.5 சதவீதமாவது முழுதாக வருமா என்றால், கிணற்றிலிருந்து வந்த வாயுவை அழுத்தி, சுத்திகரித்து, குழாயில் அனுப்பும் செலவில் ஒரு பங்கை உரிமையாளரின் தொகையில் கழிக்கலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்தது. இப்படிக் கழிப்பதைச் சொல்லும் வாசகத்தைக் குத்தகையில் விரல் வைத்துக் காட்டிய முகவர்கள் குறைவு.

“இது எல்லோரும் போடும் வழக்கமான படிவம்தான்” என்பது இன்னொன்று. ‘புரொடியூசர்ஸ் 88’ என்று தலைப்பிட்ட படிவத்தை நீட்டுவார்கள். அந்தத் தலைப்பின் கீழ் ஒன்றுக்கொன்று மாறுபட்ட படிவங்கள் எத்தனையோ உலவுகின்றன. ‘88 படிவத்தில் குத்தகை எழுதித் தருகிறேன்’ என்ற ஒப்பந்தம் எதைக் குறிக்கிறது என்றே தெளிவில்லாததால் செல்லாது என்று டெக்சாஸ் நீதிமன்றம் 1933-லேயே சொல்லிவிட்டது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் இதே தொகைக்குக் கையொப்பமிட்டார்கள் என்று சொன்னால் சரிபார்க்கவும் முடியாது. முழுக் குத்தகையைப் பதிவு செய்யாமல் ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் பதிவு செய்வதே வழக்கம். முன்பணமும் ராயல்டியும் அதில் இருக்காது. ஐந்தாண்டுக் குத்தகை என்று சொல்லப்பட்டது, நிலத்தின் ஒரு மூலையைத் தொடும் ஒரே கிணற்றில் வாயு வந்துகொண்டிருக்கும்வரை முழு நிலத்தையும் பல்லாண்டுகள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது ஐந்தாண்டு கழிந்த பின்தான் பலருக்குப் புரிந்தது. கிணற்றோடு சேராத பகுதியை விடுவிக்கும் நிபந்தனையை லூசியானா வழக்கறிஞர் ஒருவர் 1947-ல் எழுதினார். அவர் பெயரால் அது ‘பியூ’ நிபந்தனை எனப்படுகிறது. கேட்டால் கிடைக்கக்கூடியது, இருப்பது தெரிந்தால்தானே கேட்பதற்கு!

இதற்கெல்லாம் நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்று தோன்றலாம். என் ஆதங்கம் அங்கேதான். குத்தகை பெறுவதில் ஏமாற்று உத்திகளைக் கையாண்டதாக இரண்டு பெரிய நிறுவனங்கள்மீது பென்சில்வேனியா மாநில அரசு 2015-ல் வழக்குத் தொடுத்தது. 2021 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம், முறையற்ற வணிக நடைமுறைகளுக்கு எதிரான சட்டம் விற்பவரின் செயலையே கட்டுப்படுத்துகிறது, இங்கே நிறுவனங்கள் வாங்குபவர்கள், ஆகவே அது பொருந்தாது என்று கூறிவிட்டது. நிறுவனங்கள் செய்தது நேர்மையானது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தின் வாசகம் அவ்வளவுதான். சரக்கைப் பற்றி எல்லாம் அறிந்தவர் விற்பவர், அறியாதவர் வாங்குபவர் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. கனிமக் குத்தகையில் தன் காலடியில் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பதே தெரியாதவர்தான் விற்கிறார். வீட்டு வாசலில் வந்து விற்கப்பட்ட தூசி உறிஞ்சியை வாங்கியவர் மனம் மாறினால், மூன்று வேலை நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க மத்திய விதி அவருக்கு உரிமை தருகிறது. அதே வீட்டில் அமர்ந்து நிலத்தடி உரிமையை எழுதிக் கொடுத்தவருக்கு அந்த விதி மூன்று மணி நேரம்கூடத் தருவதில்லை. பொருள் விற்பனையில் வாங்குபவருக்குத் தந்த அவகாசத்தை இங்கே விற்பவருக்குத் தருவதற்கு, சட்டமன்றம் ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும்.

அது வரும்வரை, அங்கே நிலம் வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். இந்த ஆவணத்தில் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்ற வரி ஏறத்தாழ எல்லாக் குத்தகைகளிலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். முகவர் வாயால் சொன்ன ஒவ்வொன்றையும், அது கிணற்றின் தூரமானாலும் குடிநீர்ச் சோதனையானாலும், அவர் கையாலேயே குத்தகையில் எழுதிச் சுருக்கொப்பமிடச் சொல்லுங்கள். எங்கள் ஆலோசனையைக் கேட்டு அப்படிச் சொன்ன ஒரு விவசாயியின் வீட்டில், முகவர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அலுவலகத்தில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தாராம். திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்