சீட்டு கொடுத்தீர்கள், ஒரு சீனியரையும் கொடுங்கள்

வடசென்னைக் கல்லூரி முதல்வர்களுக்கு,

வணக்கம். 1995 சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த மாற்றுத்திறனாளி இடஒதுக்கீடு, 2016 சட்டத்தில் உயர்கல்விக்கு 5 ஆனது. குறைபாட்டு வகைகளும் 7இலிருந்து 21 ஆயின. சேர்க்கை வரைக்கும் சட்டம் பார்த்துக்கொள்கிறது. சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை யாரைக் கேட்பது?

நான் காலிப்பர் (காலைத் தாங்கிப்பிடிக்கும் கருவி) போட்டு நடப்பவன். நான் படித்த கல்லூரியில் எங்கள் வகுப்பு இரண்டாவது மாடியில். வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றித்தரச் சொல்லி மனு கொடுக்கலாம் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. ஆபீசில் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவர், அவரும் காலிப்பர்தான், டீக்கடையில் வைத்துச் சொன்னார். மனுவையும் அவரே எழுதிக்கொடுத்தார். அடுத்த செமஸ்டரில் வகுப்பு கீழே வந்துவிட்டது. டீக்கடையில் தற்செயலாக நடந்ததை நீங்கள் முறையாக நடத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

என்.எஸ்.எஸ். மாணவர்கள் கைபிடித்து அழைத்துப்போவது நல்ல விஷயம். ஆனால் நான் கேட்பது அது இல்லை. பார்வையற்ற மாணவிக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாக உண்டு என்று ஆபீசில் சொல்வார்கள். எல்லோருக்கும் பரீட்சை நடக்கும் நேரத்தில் சொல்வதை எழுத ஆளை எங்கே பிடிப்பது, வருகிறவருக்குப் பாடத்தில் வரும் சொற்களைப் பிழையில்லாமல் எழுத வருமா என்று முன்கூட்டியே எப்படிப் பார்ப்பது என்பதெல்லாம் அதே பாட்டைப் பட்ட சீனியருக்குத்தான் தெரியும். கையால் எழுதிய நோட்ஸை ஆசிரியர் வாட்சப்பில் ஃபோட்டோவாகப் போட்டால், திரையில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் திணறும். "டைப் செய்து அனுப்புங்க சார்" என்று கேட்கும் தைரியம், வேறு ஒருத்தி கேட்டு வாங்கியதைப் பார்த்தால்தான் வரும். மழை நாளில் வியாசர்பாடிப் பக்கம் எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், மெட்ரோ லிஃப்டில் மேலே வந்த பிறகு எந்தப் பக்க நடைபாதையில் கடையும் பைக்கும் மறிக்காது என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

நம் ஊரில் சீனியர் என்றதும், பஸ் ரூட்டுக்கு ஒரு கோஷ்டி சேர்த்துத் தலைவனாகத் திரியும் 'ரூட்டு தல' ஞாபகம் வந்து நீங்கள் தயங்கலாம். சரி, ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக வையுங்கள். காது கேளாத பிள்ளைக்குச் சைகைமொழி தெரிந்த சீனியர் வேண்டும். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் பக்கத்துக் கல்லூரியில் கேளுங்கள். கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) போன்றவை பார்த்தால் தெரியாது. சிலர் வெளியே சொல்லவும் விரும்ப மாட்டார்கள். தயவுசெய்து வகுப்பில் பெயர் படித்து எழுப்பி நிற்கவைக்காதீர்கள். விருப்பம் உள்ளவர்கள் தனியாக வந்து எழுதிக்கொடுக்கட்டும்.

சீனியரின் நேரமும் சும்மா வரவில்லை. அந்த மணிநேரங்களுக்கு வருகைப்பதிவு, சான்றிதழ், முடிந்தால் ஒரு சிறு தொகை கொடுங்கள். அப்புறம், "அதான் சீனியர் இருக்காரே" என்று சாய்தளம் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த ஆண்டுச் சேர்க்கையிலேயே தொடங்கலாம். கட்டண ரசீது வாங்கும் அன்றே, சம்மதம் தெரிவித்த ஒரு சீனியரின் கைபேசி எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் நாள் வகுப்புக்கு முன்னால் இருவரும் ஒருமுறை வளாகத்தைச் சுற்றி வரட்டும், கழிப்பறை உட்பட.

இப்படிக்கு,
முன்னாள் மாணவன்,
தண்டையார்பேட்டை