செபுலோனின் பங்கு

எருசலேம்,
வியாழன் இரவு

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நான் பார்த்துக்கொள்ளும் யூதத் தாத்தாவுக்கு மறுபடியும் நெஞ்சுச் சளி, இரவெல்லாம் கண்விழிப்பு. கோபித்துக்கொள்ளாதே.

இந்த வீட்டு அடுக்களை ஜன்னலோரம் ஒரு தகர உண்டியல் இருக்கிறது. 'புஷ்கே' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்கையில், விளக்கேற்றுவதற்கு முன் பாட்டி அதில் சில்லறை போடுவார். ஏற்றிவிட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், மறுநாள் இருட்டும்வரை காசைத் தொடக்கூடாது. உண்டியல் நிறைந்ததும் தாடி வைத்த இளைஞர் ஒருவர் வந்து, மேசையில் கவிழ்த்துக் கொட்டி, எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பணம் 'கொல்லேல்' ஒன்றுக்குப் போகிறது. கல்யாணமான ஆண்கள் நாள் முழுக்க தோராவும் (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) தல்மூதும் (அதற்கு ரபீக்கள் தந்த விளக்கங்களின் தொகுப்பு) படிக்கிற இடம் அது. அவர்களுக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை கிடைக்கும்.

"உழைக்கிற வயதில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு எதற்குக் காசு?" என்று கேட்டுவிட்டேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. தாத்தா சிரித்தார். "உன் வேதத்திலும் இருக்கிறது, எடுத்துப் பார்" என்றார். உபாகமம் 33:18. யாக்கோபின் மகன்களில் செபுலோன் வெளியே புறப்படுகிறான், இசக்கார் கூடாரத்தில் தங்குகிறான். ஞாயிறு பள்ளியில் இதைப் படித்தபோது நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. யூதர்கள் இதில் ஓர் ஒப்பந்தத்தைப் பார்க்கிறார்கள்: ஒருவன் கடல் வியாபாரம் செய்து சோறு போட்டான், மற்றவன் தோரா படித்தான், பலனில் இருவருக்கும் பங்கு. இசக்கார்தான் மூத்தவன், ஆனாலும் மோசே தம்பியின் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்.

பங்கை முன்கூட்டியே பேசியிருக்க வேண்டுமாம். ஹில்லேல் என்ற பழங்கால யூத ஆசான் வறுமையில் படித்துப் பெரிய ஞானியான பிறகு, வியாபாரியான சகோதரன் செப்னா பாதிப் பங்கு கேட்டு வந்தான். வானத்திலிருந்து மறுப்புதான் வந்தது என்கிறது தல்மூத்.

இதற்கெல்லாம் எதிராக நின்றவர் மைமோனிடஸ், 12ஆம் நூற்றாண்டு அறிஞர். உழைக்காமல் தர்மக் காசில் தோரா படிக்கத் துணிகிறவன் கடவுளின் பெயரைக் களங்கப்படுத்துகிறான் என்று கடுமையாகவே எழுதிவைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. "அவரும் ஒரு காலத்தில் தம்பி சம்பாத்தியத்தில் இருந்தவர்தான்" என்றார் தாத்தா. தம்பி தாவீது வியாபாரத்துக்காகக் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனான். பணமும் போனது, மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் மிஞ்சினார்கள். அண்ணன் ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தார். பல வருடம் கழித்து ஒரு கடிதத்தில், அவன் சந்தையில் சம்பாதித்தான், நான் கவலையின்றி உட்கார்ந்திருந்தேன் என்று எழுதுகிறார். பிறகு மருத்துவம் பார்த்துத்தான் பிழைத்தார்.

அன்று இரவு எனக்கு உன் பெரியண்ணன் நினைவு வந்தது. எட்டாம் வகுப்போடு நின்று டீக்கடைக்குப் போனவர். ஹாஸ்டல் கட்டணத்துக்கு அவர் கொண்டுவரும் நோட்டுகளில் பால் வாடை அடிக்கும் என்று நாம் சிரித்திருக்கிறோம். உன் பட்டமளிப்பு விழாப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நீ, நான், அம்மா, சித்தப்பா எல்லோரும் இருக்கிறோம். அவர் இல்லை. அன்றைக்கும் கடை திறந்திருந்ததா?

மறக்காமல் எழுது. அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வின்