வற்புறுத்தலா, இணங்க வைத்தலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தடுப்பூசிக்குத் தயங்கிய தாய்மார்களைச் செவிலியர் 'வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார்' என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். வற்புறுத்தினால் அது கட்டாயம் அல்லவா? அந்தச் செவிலியர் எடுத்துச் சொல்லித்தான் இணங்க வைத்திருக்கிறார்.

ஜவுளிக்கடையில் 31 வருடம் சேலைப் பிரிவில் நின்றவன் நான். "பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்தவரிடம் "எடுத்துக்குங்கம்மா" என்று நச்சரித்தால் படியிறங்கிவிடுவார். பேசாமல் மடிப்பைப் பிரித்து, முந்தானையை அவர் கையில் கொடுத்து, கண்ணாடியைக் காட்டுவேன். பாதிப் பேர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். வியாபாரம் படிந்தது என்போம்.

'கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்பது 643ஆம் குறள். வேட்ப என்றால் விரும்பும்படி. 'வற்புறுத்தல்' வாசலில் வந்து நிற்கும் வட்டிக்காரருக்கே இருக்கட்டும்.

– ஓய்வுபெற்ற ஜவுளிக்கடை ஊழியர், மதுரை