நோட்டும் ஓர் ஆசான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவியம், தையல், வடிவமைப்பு என்று சொந்தத் தொழில் தொடங்குவோருக்கு ஊக்கம் தரும் புத்தகங்களுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை. நாலைந்தை ஒன்றாகத் தொடங்கி எதையும் முடிக்காமல் விடுவதுதான் சிக்கல். பார்த்த உடனேயே கற்றுவிட்ட நிறைவு வந்துவிடுகிறது, கை பழகுவதில்லை. ஒரு மணி நேரம் பார்த்தால் மூன்று மணி நேரமாவது செய்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய நேரம், முடித்த நேரம், செலவான பொருள், வீணானது, எத்தனை முறை திருத்தம் கேட்டார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் நேரம் தவறாகப் பதிவாகக்கூடும். பத்து வேலை முடிந்ததும் மொத்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். இரண்டு மணி நேர வேலை என்று நினைத்தது மூன்றரை என்று தெரிந்தால், விலை ஏன் கட்டுப்படியாகவில்லை என்பது புரியும். வாடிக்கையாளரிடம் பேசும் நேரமும் பொட்டலம் கட்டும் நேரமும் பலர் கணக்கில் வருவதேயில்லை.

கருத்துக் கேட்க உறவினர் போதாது. மனம் நோகாமல்தான் சொல்வார்கள். வாங்கியவரிடம், "வாங்கும் முன் எந்த இடத்தில் தயங்கினீர்கள்?" என்று கேளுங்கள்.

வெற்றிக் கதைகளோடு, விலை நிர்ணயம், முன்பணம், எழுத்து ஒப்பந்தம் பற்றியும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்